ஸ்பிக்ஸ் மக்காவ் கிளிகளை வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இதை நான் தனித்தனி மடல்களாக எழுதியிருக்கலாம். பிரேசில் அரசின் பல்லுயிர்ப் பாதுகாப்புத் துறைக்கு ஒன்று, ஜெர்மனியில் இந்தக் கிளிகளை வளர்ப்பவர்களுக்கு ஒன்று, குஜராத்தின் ஜாம்நகரில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, மற்ற நாடுகளில் ஓரிரு ஜோடிகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒன்று என்று. ஆனால் உங்களில் சிலருக்குள் பேச்சுவார்த்தை முறிந்துபோயிருக்கிறது. ஒருவரிடம் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போகாது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

நான் பறவையியல் படித்தவன் இல்லை. பதினைந்து வருடங்களுக்கு மேல் வீட்டில் காக்டீல் கிளி, லவ்பேர்ட்ஸ் வளர்த்தவன். இப்போது வளர்ப்பதில்லை, கூண்டுகள் காலியாக இருக்கின்றன. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து உள்ளே சிவப்பு நரம்பு ஓடுகிறதா என்று பார்த்து ஏமாந்த இரவுகள் எனக்கும் உண்டு. உங்கள் வேலை எவ்வளவு கடினம் என்று கொஞ்சமாவது தெரிந்துதான் எழுதுகிறேன்.

இந்தக் கிளியின் கதை உங்களுக்கு மனப்பாடம். ஆனால் இது திறந்த மடல், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். 1819-ல் ஜெர்மானிய இயற்கையியலாளர் யோஹான் பாப்டிஸ்ட் ஃபான் ஸ்பிக்ஸ், பிரேசிலின் பாஹியா மாநிலத்தில், சாவோ ஃபிரான்சிஸ்கோ ஆற்றங்கரையில் ஜுவாசெய்ரோ பக்கம் இதைக் கண்டெடுத்தார். ஏற்கெனவே தெரிந்திருந்த பெரிய நீல மக்காவ்தான் இது என்று அவர் நினைத்துவிட்டார். அவர் இறந்தபிறகு, 1832-ல், அவரிடம் உதவியாளராக இருந்த வாக்லர்தான் இது வேறு இனம் என்று கண்டு, ஸ்பிக்ஸின் பெயரையே அதற்கு வைத்தார். சாம்பல் கலந்த தலை, நீல உடம்பு, நீண்ட வால். எடை சுமார் 300 கிராம். இதன் பேரினத்தில் வேறு இனமே கிடையாது. இது போனால் ஒரு கிளை முழுவதும் போய்விடும்.

அது வாழ்ந்த காட்டுக்குக் காட்டிங்கா என்று பெயர். முள்ளும் கள்ளியுமாக, வருடத்தில் பல மாதம் இலையின்றிக் கிடக்கும் வறண்ட காடு. அதற்குள் மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓடைகள். அந்த ஓடைகளின் கரையில் கராய்பெய்ரா என்ற மரம் உயரமாக வளரும், மஞ்சள் பூ பூக்கும். வயதான கராய்பெய்ராவின் பொந்தில்தான் இந்தக் கிளி முட்டையிடும். தின்றது பெரும்பாலும் காட்டாமணக்குக் குடும்பத்துச் செடிகளின் விதை. அதாவது அதற்குத் தேவைப்பட்டது ஒரு பெரிய காடு இல்லை. ஓடையோரத்தில் ஒடுங்கிய ஒரு மரவரிசை போதும். அதையும் நாம் விட்டுவைக்கவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் ஆடுமாடுகள் மேய்ந்து கராய்பெய்ராவின் இளங்கன்றுகள் தலைதூக்க முடியாமல் போயின. நின்ற கிழ மரங்கள் மட்டும் நின்றன. நல்ல பொந்துக்குக் கிளி வருடா வருடம் திரும்பி வரும் என்பதால், கிளி பிடிப்பவர்களும் ஒவ்வொரு வருடமும் அதே மரத்தில் ஏறினார்கள். குஞ்சுகள் வெளிநாடு போயின.

1980-களின் நடுவில் தேடிப்போனவர்கள் குராசா ஊருக்கு அருகில் மூன்றே மூன்று பறவைகளைக் கண்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவையும் பிடிபட்டுவிட்டன என்று எல்லோரும் நினைத்தார்கள். 1990-ல் ஒரு குழு மறுபடியும் தேடியபோது ஒரே ஒரு ஆண் கிளி இருந்தது.

அந்த ஆண் கிளியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தன் இனத்தில் பேச ஆளில்லாமல், அது மரகானா என்ற சிறிய பச்சை மக்காவ் இனத்துப் பெட்டையோடு சேர்ந்துகொண்டது. சேர்ந்து பறந்தன, சேர்ந்து இரை தேடின. குஞ்சு மட்டும் பிறக்கவில்லை. 1995-ல், கூண்டிலிருந்த ஒரு ஸ்பிக்ஸ் பெட்டையை அதற்குத் துணையாகக் காட்டில் விட்டார்கள். இரண்டும் கொஞ்ச நாள் ஒன்றாகப் பறந்தன. சில வாரங்களில் பெட்டை காணாமல் போனது. மின்கம்பியில் மோதி இறந்திருக்கலாம் என்றார்கள். ஆண் மறுபடி அந்தப் பச்சைக்கிளியிடமே திரும்பிப் போனது. 2000 அக்டோபருக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

அந்த ஆண் தனியாகப் பறந்துகொண்டிருந்த பத்து வருடமும், கூண்டுகளில் அதன் இனத்தார் இருந்தார்கள். பிரேசிலில், சுவிட்சர்லாந்தில், பிலிப்பைன்ஸில், ஸ்பெயினின் டெனரிஃப் தீவில். வைத்திருந்தவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க பிரேசில் அரசு 1990-ல் ஒரு நிரந்தரக் குழு அமைத்தது. யாரிடம் இருக்கும் ஆணை யாரிடம் இருக்கும் பெட்டையோடு சேர்ப்பது என்று அந்தக் குழு முடிவு செய்திருக்க வேண்டும். கொஞ்சம் நடந்தது, நிறைய நடக்கவில்லை. உறுப்பினர்களுக்குள் பிணக்கு, குழுவின் ஒப்புதல் இல்லாமல் கைமாறிய பறவைகள், அவநம்பிக்கை. 2002-ல் குழு கலைக்கப்பட்டது. காட்டில் கடைசிக் கிளி மறைந்து இரண்டே வருடத்தில்.

இதைத்தான் இந்த மடலில் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கிளிக்கு அதன்பின் வந்த ஆபத்துகளில் பெரியது, அதை வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்பாமல் இருப்பது. கூண்டில் இருப்பதாலேயே ஒரு இனம் பிழைத்துவிடாது. வட அமெரிக்காவின் கரோலினா கிளிகளில் கடைசியாக இருந்தது காட்டில் சாகவில்லை. சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தின் கூண்டில், 1918 பிப்ரவரியில் செத்தது. தீனி இருந்தது, தண்ணீர் இருந்தது, பராமரிக்க ஆள் இருந்தது. எங்கே எத்தனை கிளி இருக்கிறது, எதை எதோடு சேர்ப்பது என்று மொத்தமாக யோசிக்க மட்டும் யாரும் இல்லை.

சரி, நீங்கள் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். மனதாரச் சொல்கிறேன். கத்தாரில் ஷேக் சவூத் பின் முகமது அல் தானி தன் அல் வப்ரா மையத்துக்கு உலகில் சிதறிக் கிடந்த பறவைகளை விலை கொடுத்து வாங்கிச் சேர்த்தார். கூண்டில் இருந்தவை எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில காட்டுக் கிளிகளின் வாரிசுகள். அண்ணன் தங்கை, மாமன் மருமகள் என்று நெருங்கிய சொந்தம். முட்டைகளில் பெரும்பாலானவை கருவுறாமல் போயின. அந்த மையத்தில் மருத்துவர்கள் விடாமல் முயன்று 2013-ல் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் ஸ்பிக்ஸ் குஞ்சைப் பொரிக்க வைத்தார்கள். பிறகு ஜெர்மனிக்குப் போன பறவைகளும் அங்கே பெருகின. சில பத்துகளாக இருந்த எண்ணிக்கை சில நூறானது. இது சாதாரணக் காரியம் இல்லை. முந்நூறு கிராம் பறவையிடமிருந்து விந்தணு எடுத்து, அதில் நீந்தும் திறன் உள்ளது எவ்வளவு என்று நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்து, சரியான நாளில் பெட்டைக்குச் செலுத்தி, பொரிந்த குஞ்சுக்கு ஒரு மணிக்கு ஒருமுறை சூடான கூழ் ஊட்டுகிற வேலை அது. அந்த இரவுகளை விழித்துக் கழித்தவர்கள் இல்லையென்றால் இன்று நான் எழுத ஒரு கிளியும் இருந்திருக்காது.

2018-ல் பிரேசில் குராசாவைச் சுற்றி ஏறக்குறைய 1,20,000 ஹெக்டேரைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. 2020 மார்ச்சில் ஜெர்மனியிலிருந்து 52 கிளிகள் அங்கே வந்திறங்கின. 2022 ஜூன் 11 அன்று எட்டு ஸ்பிக்ஸ் கிளிகளைத் திறந்துவிட்டார்கள், கூடவே எட்டு மரகானாக் கிளிகள். எது தின்னும் விதை, எங்கே தண்ணீர், பருந்து வந்தால் எப்படிக் கத்துவது என்று காட்டுக்குப் பழகிய மரகானாக்களைப் பார்த்து இவை கற்றுக்கொள்ளட்டும் என்று. அந்தக் கடைசி ஆணுக்குத் துணையாக நின்ற அதே இனம்! டிசம்பரில் இன்னும் 12 பறவைகள். அடுத்த வருடம் காட்டுப் பொந்தில் குஞ்சு பொரிந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன். கிளி வளர்க்கிறவனுக்கு அதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது?

அப்புறம் என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். 2023-ல் ஜெர்மனியிலிருந்து 26 பறவைகள் ஜாம்நகரில் உள்ள ஒரு தனியார் விலங்கு மையத்துக்குப் போயின. தன் சம்மதம் இல்லாமல் அனுப்பியதாகப் பிரேசில், அரிய உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் அமைப்பின் கூட்டங்களில் முறையிட்டது. 2024-ல் பிரேசில் அரசுக்கும் கிளிகளை வளர்க்கும் ஜெர்மானிய அமைப்புக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. 2025-ல் குராசாவில் சர்க்கோவைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. திறந்துவிட்ட கிளிகளில் காட்டில் எஞ்சியிருந்த 11 பறவைகளையும் பிடித்துச் சோதித்தார்கள். பதினொன்றிலும் வைரஸ்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நோய் எங்கிருந்து வந்தது என்பதையும் யார் கவனக்குறைவு என்பதையும் விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

சர்க்கோவைரஸ் என்பது அலகு-இறகு நோயைக் கொண்டுவரும் கிருமி. இறகு உருவாகும் இடத்தையும் அலகையும் தாக்கும், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும். மருந்து கிடையாது. இறகுத் தூசியில், எச்சத்தில் பரவும். ஆஸ்திரேலியக் கிளிகளிடம் தொடங்கி, பறவை வியாபாரத்தோடு சேர்ந்து உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. தென் அமெரிக்கக் காடுகளுக்கு அது சொந்தமில்லை. இதில் கொடுமை, பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் ஒரு பறவையே அதைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

என் கூண்டுகள் ஏன் காலியாக இருக்கின்றன என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. ஒரு நாள் கடையொன்றில் ஒரு லவ்பேர்ட் ஜோடி வாங்கி வந்தேன். இறகு மின்னியது, கண் தெளிவாக இருந்தது, பரிசோதித்த பறவைதான் என்று விற்றவர் சொன்னார். குறைந்தது ஒரு மாதமாவது தனி அறையில் வைத்து, பரிசோதனைக்கு அனுப்பியபின்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு நாளில் சேர்த்தேன். தனி அறை இல்லை, ஆசை இருந்தது. நான்கு மாதத்தில் குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும்போதே உதிர்ந்தது. வளர்ந்தவற்றுக்கு இறகுக் காம்பு முறுக்கிக்கொண்டு வந்தது. ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தபோது என்னிடம் இருந்தவற்றில் பாதிக்கு மேல் அந்த நோய். ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் மிச்சமிருந்த வயதான காக்டீல் ஒன்று மட்டும் இரண்டு வருடம் இருந்தது. அதற்குப் பிறகு நான் பறவை வாங்கவில்லை.

என்னுடையவை எங்கும் கிடைக்கும் பறவைகள். அவற்றுக்கே எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் கையில் இருப்பது ஒரு இனத்தின் மொத்தக் கணக்கு. ஆகவே கேட்கிறேன்: உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கும் ஒவ்வொரு பறவையின் பரிசோதனை முடிவையும் மற்ற எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். ஒரு முறை எடுத்த சோதனை போதாது. இடைவெளி விட்டு, வேறு வேறு ஆய்வகங்களில், ஒரே முறைப்படி எடுத்த சோதனைகள் வேண்டும். நோய் இருப்பது தெரிந்தால் அவமானம் என்று மறைப்பவர் இருந்தால், அந்த அவமானத்தைப் போக்க வேண்டியது மற்றவர்கள் பொறுப்பு. சொன்னவரைத் தண்டிக்கும் ஏற்பாடு இருந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். பிரேசில் அதிகாரிகளிடம் இதைக் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். விதியை மீறியவர் மேல் நடவடிக்கை எடுங்கள், அது உங்கள் கடமை. ஆனால் தானாக முன்வந்து உண்மையைச் சொல்பவருக்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

நோய் வந்ததால் எல்லாம் முடிந்தது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. மொரீஷியஸைப் பாருங்கள். அங்கே எக்கோ கிளி என்று ஒன்று இருக்கிறது. நாம் தினம் பார்க்கும் பச்சைக்கிளிக்கு நெருங்கிய சொந்தம், கொஞ்சம் தடித்த உடம்பு. 1980-களில் அது பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கிப்போனது. பறவைப் பாதுகாப்பு நிபுணர் கார்ல் ஜோன்ஸும் அவரோடு உழைத்தவர்களும் காட்டுக் கூடுகளைக் காவல் காத்தார்கள், பிழைக்காது என்று தெரிந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்தார்கள், கூண்டில் இனப்பெருக்கம் செய்தார்கள், பெட்டிக் கூடுகள் தொங்கவிட்டார்கள், காட்டில் தீனி வைத்தார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, 2005 வாக்கில், இதே அலகு-இறகு நோய் அங்கேயும் பரவியது. பயந்தார்கள், பறவைகளைக் கூண்டிலிருந்து விடுவதை நிறுத்தினார்கள், ஆனால் கைவிடவில்லை. ஒவ்வொரு குஞ்சின் இரத்தத்தையும் சோதித்து, எது நோயோடு பிழைக்கிறது, எது சாகிறது என்று வருடக்கணக்கில் பதிவு செய்தார்கள். 2019-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அந்தக் கிளியின் ஆபத்து நிலையை ஒரு படி குறைத்தது. அப்போது காட்டில் 750-க்கும் மேல்.

அங்கே ஏன் முடிந்தது? என் கணிப்பு இதுதான். அங்கே கிளிகளுக்குச் சொந்தக்காரர் என்று பத்துப் பேர் இல்லை. ஒரு குழு, ஒரு பதிவேடு, ஒரு தீவு. எந்தக் குஞ்சு யாருடையது என்ற கேள்வியே எழவில்லை.

போர்ட்டோ ரிகோவும் அப்படித்தான். அங்கே பச்சை அமேசான் கிளி 1970-களின் நடுவில் காட்டில் 13 ஆகக் குறைந்தது. கூண்டில் ஒரு மந்தையை உருவாக்கினார்கள். அதோடு நிற்காமல், 1993-ல் தீவின் இன்னொரு மூலையில், ரியோ அபாஹோவில், இரண்டாவது மையம் திறந்தார்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று காட்டியிருந்தது 1989-ல் வந்த ஹூகோ புயல். அது காட்டிலிருந்த கிளிகளில் ஏறக்குறைய பாதியை அழித்திருந்தது. 2017-ல் மரியா புயல் வந்தபோது எல் யுன்கே மலைக்காட்டில் பறந்த மந்தை அநேகமாக முழுவதும் போய்விட்டது. ஆனால் மையங்களில் ஊழியர்கள் கிளிகளைக் கான்கிரீட் அறைகளுக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். ரியோ அபாஹோவில் காட்டுக் கிளிகள் பலவும் தப்பின. அங்கிருந்து மறுபடி தொடங்கினார்கள். பறவைகள் பல இடங்களில் இருப்பது நல்லது என்பதற்கு இது சாட்சி. ஆகவே உங்களில் யாரிடமிருந்தும் எல்லாக் கிளிகளையும் பிடுங்கி ஒரே இடத்தில் குவிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியிலும் இருக்கட்டும், இந்தியாவிலும் இருக்கட்டும், பிரேசிலில் இரண்டு மூன்று இடங்களிலும் இருக்கட்டும். பல வீடு, ஒரே குடும்பம், ஒரே கணக்குப் புத்தகம். அதுதான் வேண்டும்.

அந்தக் கணக்குப் புத்தகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. இத்தனை நெருங்கிய சொந்தங்களுக்குள் எந்த ஆணை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்பது ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய காரியம். ஒரு மையத்தில் ஒரு பெட்டைக்குப் பத்துக் குஞ்சு பிறந்தால் வளர்ப்பவருக்குப் பெருமை. இனத்துக்கு அது நஷ்டமாகக்கூட இருக்கலாம், அதே இரத்தம் மறுபடி மறுபடி பெருகுவதால். இன்னொரு நாட்டில் முட்டையே இடாத வயதான கிளி ஒன்று இருக்கும். அதன் வாரிசு வேறெங்கும் இருக்காது. அதன் ஒரு குஞ்சு அந்தப் பத்துக் குஞ்சுகளைவிட மதிப்பானது. இது ஒரே மையத்துக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. எல்லாப் பறவைகளின் வம்சாவளியும் ஒரே பதிவேட்டில், ஒரு பொது நபரின் கையில், யாருக்கும் சாயாமல் இருந்தால்தான் தெரியும். அவர் 'இந்த ஆண் அங்கே போக வேண்டும்' என்று சொன்னால் போக வேண்டும். நோய்ச் சோதனை முடித்து, தனிமைக் காலம் முடித்து, போக வேண்டும். விலை பேசக் கூடாது. பதிலுக்கு என்ன தருவாய் என்று கேட்கக் கூடாது.

விலை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கிளிக்குக் காட்டிங்காவில் மரத்துக்கு மரம் ஏறிப் பொந்தைக் காலி செய்யவைத்தது அதன் அரிய தன்மைக்கு வைத்த விலைதான். அதே விலை இன்று பாதுகாப்பு என்ற பெயரில் திரும்பி வரக் கூடாது. பறவையைப் பராமரிக்கப் பணம் செலவாகும், அதற்கு நன்கொடை வாங்குங்கள், வரவேற்கிறேன். பறவையே கைமாறும்போது பணம் கைமாறினால் எனக்கு ஒப்பவில்லை. அது நன்கொடை என்று எழுதப்பட்டாலும்.

இன்னொன்று, வளர்க்கும் முறை. கையால் ஊட்டி வளர்த்த கிளி எவ்வளவு அன்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தோளில் உட்காரும், காதைக் கடிக்கும், கூப்பிட்டால் வரும். தன் இனத்து ஜோடியை வைத்தால் அதைப் பார்த்துப் பயந்து நம் கையைத் தேடும். அரிஸோனாவில் 1986 முதல் சில வருடங்கள் தடித்த அலகுக் கிளிகளை மலைக்காட்டில் விட்டார்கள். வியாபாரிகளிடமிருந்து பறிமுதல் செய்த, காட்டில் பிறந்த கிளிகள் உடனே மந்தையாகச் சேர்ந்து பறந்தன. கூண்டில் வளர்ந்தவை மந்தையோடு ஒட்டவில்லை, பருந்துக்கு இரையாயின. ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு வயிற்றுக் கிளிகளைப் பல தலைமுறையாகக் கூண்டில் வளர்க்கிறார்கள். அவற்றின் சிறகின் வடிவமே காட்டுக் கிளிகளுடையதிலிருந்து மாறியிருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அந்தக் கிளி ஒவ்வொரு வருடமும் கடல் தாண்டி வலசை போக வேண்டியது! சிறகே மாறினால் எப்படிக் கடக்கும்? கூண்டு பறவையைப் பாதுகாக்கிறது, கூடவே அதை மெல்ல மெல்லக் கூண்டுப் பறவையாக்கியும் விடுகிறது. ஆகவே உயிர் போகும் நிலையில் தவிரக் கைத்தீனி வேண்டாம். தாய் தகப்பனே வளர்க்கட்டும். முதல் முறை முட்டையிடும் ஜோடி குஞ்சைச் சாகவிடும், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கற்றுக்கொள்ளும். நீண்ட பறவைக்கூடம், மந்தையாக வளரும் இளங்கிளிகள், காட்டு விதைகள், பார்வையாளர் இல்லாத தனிமை. பார்வையாளர் வருகையை நம்பி நடக்கும் மையங்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் அவர்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வேறு கிளியை வைக்கலாம்.

கூண்டு வளர்ப்பே வீண், அந்தப் பணத்தைக் காட்டுக்குச் செலவிடலாம் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி சரி. ஓடைக்கரையில் கராய்பெய்ராக் கன்றுகளை ஆடு மேயாமல் வேலி கட்டிக் காக்காவிட்டால், இன்னும் ஐம்பது வருடத்தில் பொந்துள்ள மரமே இருக்காது. நாம் விடும் கிளி எங்கே கூடு கட்டும்? ஆனால் ஆட்டை விரட்டுவது எளிது என்று தொலைவிலிருந்து சொல்லக் கூடாது. குராசாவில் ஆடுதான் பல குடும்பங்களுக்குச் சோறு. வேலிக்கும் தீவனத்துக்கும் அவர்களுக்குக் கூலியும் ஈடும் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது. அந்த ஊர்க்காரர்கள்தான் கடைசி ஆணைப் பத்து வருடம் யாரும் பிடித்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்தக் கிளி தங்கள் ஊரின் பெருமை. உங்கள் குழுவில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். ஒப்புக்கு இல்லாமல், வாக்குரிமையோடு.

அந்த நண்பர்கள் சொல்வதில் மீதிப் பாதியை நான் மறுக்கிறேன். காடு மட்டும் இருந்து கிளி இல்லையென்றால் யாரைக் கொண்டுபோய் விடுவது? 2000-க்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இந்த இனத்துக்குக் கூண்டைத் தவிர வேறு வீடே இருக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு உரிமையோடு கேட்கிறேன்.

இப்போது பிரேசிலுக்கு நேராக ஒரு வார்த்தை. இது உங்கள் மண்ணின் பறவை, கடைசிச் சொல் உங்களுடையதுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் பறவைகளையும் கணக்கில் சேர்த்தால்தான் இந்த இனத்துக்கு எதிர்காலம் இருக்கும். வைத்திருப்பவர்கள் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், அவர்களிடம் இருக்கும் பறவைகள் மேல் கோபப்பட முடியாது. 1990-ல் தொடங்கிய குழு போல இன்னொன்றை மறுபடி கூட்டுங்கள். இந்த முறை வாக்குரிமை, யாரிடம் எத்தனை பறவை என்பதைப் பொறுத்து இல்லாமல், பதிவேட்டையும் நோய்ச் சோதனையையும் நடத்தும் நிபுணர்கள் கையிலும் குராசா ஊர்க்காரர்கள் கையிலும் இருக்கட்டும்.

ஜெர்மனிக்கும் ஜாம்நகருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் செலவழித்தது உங்கள் பணம், உங்கள் நேரம். பறவைகள் மட்டும் உங்களுடையவை இல்லை. இதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்: "எங்களிடம் உள்ள ஒவ்வொரு ஸ்பிக்ஸ் கிளியும் பிரேசிலின் மீட்புத் திட்டத்துக்காக எங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, கேட்கும்போது திருப்பித் தருவோம்." இரண்டு வரிதான். அந்த இரண்டு வரி வந்துவிட்டால் பிரேசில் பேசும் தொனியே மாறும் என்று நம்புகிறேன். ஜாம்நகரில் இருப்பவர்களிடம் இந்தியன் என்ற உரிமையில் கூடுதலாக ஒன்று கேட்கிறேன்: உங்களிடம் இருக்கும் பறவைகளின் எண்ணிக்கை, பிறப்பு, இறப்பு, சோதனை முடிவு எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒருமுறையாவது எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள். நம் நாட்டுக்கு வந்த அந்தக் கிளிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்க எங்களுக்கும் உரிமை உண்டு.

காட்டிங்காவில் மழை வருடக் கடைசியில் தொடங்கும். ஓடைகளில் தண்ணீர் வரும், கிளிகள் பொந்து தேடும் காலம் அது. நோய்ப்பட்ட பறவைகள் பிடித்து அடைக்கப்பட்டதால் கராய்பெய்ராப் பொந்துகள் காலியாக இருக்கின்றன. மரகானாக்கள் மட்டும் பறந்துகொண்டிருக்கும். அடுத்த மழைக்குள் கிளிகளைத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது அவசரம். அடுத்த மழைக்குள் நீங்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காருங்கள். ஒவ்வொருவரும் வரும்போது உங்களிடம் இருக்கும் பறவைகளின் பட்டியலையும் அவற்றின் இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
முன்பு கிளி வளர்த்த ஒருவன்